நந்திதுர்க் சுரங்கத் தூசியும் காசநோய்க் கிருமியும்

நந்திதுர்க் என்னும் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் பெங்களூருக்கு வடக்கே உள்ள நந்தி மலைக்கோட்டையே நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் கூறப்படும் நந்திதுர்க் வேறு. அக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ஓர் ஆங்கிலேயக் கம்பெனி தோண்டிய தங்கச் சுரங்கமும் அதனைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புமே அஃது. கோலார் தங்கவயலில் தெற்கே மாரிக்குப்பத்தை அடுத்த மைசூர்ச் சுரங்கம் முதல் சாம்பியன் ரீஃப், உரிகம் என வடக்கு நோக்கி வரிசையாக அமைந்த சுரங்கங்களுள் நந்திதுர்க் வடபுறத்தது. 1956ஆம் ஆண்டின் இறுதியில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றுக்கொண்டபோது இயங்கிக்கொண்டிருந்த மூன்றில் இதுவும் ஒன்று. பின்னர் அவை மத்திய அரசாங்கத்தின் வசமாயின. 1972ஆம் ஆண்டு முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் நடைபெற்றன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன.

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களே இங்குப் பெரும்பான்மையான தொழிலாளர். அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமே பல வீடுகளின் முழு அளவு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தங்கவயலின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. நிலத்தின் கீழே கல்லை உடைக்கும் மனிதனும், மேலே நெருக்கமான அறையில் அவனுடன் உறங்கும் குழந்தையும் ஆகிய இவ்விருவரின் மார்புக்கும் நேரும் தீங்குகள் வெவ்வேறு. எனினும் அவை ஒன்றையொன்று வளர்ப்பவை. ஒன்று தூசியால் வருவது. மற்றொன்று கிருமியால் வருவது. களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்விரண்டின் தொடர்பை அறிந்துகொண்டால், இப்பகுதியில் மட்டுமன்றிக் கல் உடைக்கப்படும் எவ்விடத்திலும் தம் வேலையைத் தெளிவாகச் செய்ய இயலும்.

பிளேக் காலம்

தங்கவயலின் முதற்பெரும் சோதனை காசநோய் அன்று, பிளேக். 1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து ரயில் வழியாகப் பெங்களூரை அடைந்த அந்நோய், கூலியாட்கள் நாள்தோறும் வந்துபோகும் தங்கவயலையும் விட்டுவைக்கவில்லை. பிளேக்கின் பொதுவான வடிவம் நெறிகட்டுதலே. ஆனால் அது நுரையீரலைப் பற்றிவிட்டால் இருமலின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே தாவும். அதற்கு எதிரான தடுப்பு மருந்தை வால்டெமார் ஹாஃப்கின் பம்பாயில் தயாரித்து, 1897ஆம் ஆண்டு ஜனவரியில் முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டு சோதித்திருந்தார். எலிகள் ஒளியும் கீற்றுக் குடிசைகளை அகற்றுதல், தடுப்பூசி குத்துதல், நீர்வசதி அமைத்தல் ஆகியவை ஒருங்கே நடைபெற வேண்டும் என்னும் பாடத்தைத் தென்னிந்தியச் சுகாதாரத் துறைகள் அந்நாட்களிலேயே கற்றன. ஊசி ஒன்றே போதும் என்று அன்றும் எவரும் கூறவில்லை. பிற்காலத்தில் அதனை மறந்தவர் உண்டு.

தூசி செய்யும் வேலை

கோலார்ப் பகுதியில் தங்கம் கரும்பாறையின் ஊடே ஓடும் வெண்கல் நரம்புகளில் உள்ளது. இவ்வெண்கல் குவார்ட்ஸ் எனப்படும். இதன் பெரும்பகுதி சிலிக்கா. துளைப்பொறியால் குடையும்போதும், வெடிமருந்து வைத்துத் தகர்க்கும்போதும், உடைந்த கல்லை அள்ளி இறைக்கும்போதும் சிலிக்காத் தூசி எழுகிறது. கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி அவ்வளவு தீங்கானதன்று. மூக்கும் தொண்டையும் அதனைத் தடுத்துச் சளியோடு வெளியேற்றிவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு உள்ளடங்கும் நுண்துகள்களே அபாயமானவை. அவை காற்றில் மணிக்கணக்கில் மிதந்து, மூச்சுக்குழலின் கடைசிக் கிளைகளையும் தாண்டி, காற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. வெடி வைத்த பின் புகை அடங்கிக் காற்றுத் தெளிவாகத் தோன்றும் நேரத்திலும் இத்துகள்கள் அங்கே மிதந்துகொண்டிருக்கும். ஆகவே கண்ணால் பார்த்துத் 'தூசி இல்லை' என்று முடிவு செய்தல் தவறாகும்.

காற்றறைக்குள் அன்னியப் பொருள் எது வந்தாலும் அதனை விழுங்கி அழிப்பதற்கென்றே உடலில் ஒருவகை உயிரணுக்கள் உள்ளன. இவற்றைக் காவல் அணுக்கள் எனலாம். சிலிக்காத் துகளையும் அவை விழுங்குகின்றன. ஆனால் ஜீரணிக்க இயலுவதில்லை. துகள் காவல் அணுவையே கொன்றுவிடுகிறது. செத்த அணுவிலிருந்து வெளிப்பட்ட துகளை மற்றோர் அணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது. இவ்வாறு ஓயாமல் நடைபெறும் அழிவினால் அவ்விடத்தில் தழும்புத் தசை வளர்ந்து சிறு முடிச்சுகளாகத் திரள்கிறது. காலப்போக்கில் முடிச்சுகள் ஒன்றுசேர்ந்து, விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரலைக் கல்போல் இறுக்கிவிடுகின்றன. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் தூசியில் உழைத்த பின்னரே இது வெளிப்படும். மாடிப்படி ஏறுகையில் மூச்சிரைப்பு, வறட்டு இருமல், மார்பில் இறுக்கம் ஆகியவை அதன் தொடக்கம். ஒருமுறை ஏற்பட்ட தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் நோய் முன்னேறக்கூடும் என்பது இதன் கொடுமை.

1940ஆம் ஆண்டுக்கும் 1946ஆம் ஆண்டுக்கும் இடையே கோலார்ச் சுரங்கங்களில் 7,600க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. 1947ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவுகள், இந்தியாவில் இந்நோயைப் பற்றி முறையாக ஆராய்ந்து எழுதப்பட்ட முதற்பதிவுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. அதற்கு முன்னரும் நோய் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. 'சுரங்க இருமல்' என்றோ, 'டி.பி.' என்றோ கூறி ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு ஏது?

இந்நோய்க்கு உண்மையான தடுப்பு மருந்து தண்ணீரே. துளைப்பொறியின் தண்டு வழியாகவே நீரைச் செலுத்தித் தூசி எழும் இடத்திலேயே அதனைச் சேறாக்கிவிடும் ஈரத்துளை முறையும், உடைந்த கல்லின்மேல் நீர் தெளித்தலும், பெரும் விசிறிகளால் காற்றோட்டம் அமைத்தலும், வெடித்த பின் குறித்த நேரம் கழியும் வரை ஆட்களை உள்ளே விடாதிருத்தலும் உலகெங்கும் சுரங்கத் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகள். முகமூடி கடைசியாக வர வேண்டியது. கீழே செல்லச் செல்லப் பாறையின் வெப்பம் மிகும். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கத்தில் முகமூடியணிந்து எட்டு மணி நேரம் உழைக்கச் சொல்வது ஏட்டளவில் எளிது.

தூசி கிருமிக்கு வழிவிடுதல்

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டில் கண்டறிந்தார். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதந்து மற்றவரின் காற்றறையை அடைகின்றன. கிருமி உள்ளே சென்றவர் யாவரும் நோயாளி ஆவதில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் காவல் அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து அடக்கி வைத்துவிடுகின்றன. அது வாழ்நாள் முழுதும் உறங்கியே கிடக்கலாம்.

இங்கேதான் தூசியும் கிருமியும் சந்திக்கின்றன. கிருமியை அடக்கிவைக்க வேண்டிய அதே காவல் அணுக்களைத்தான் சிலிக்கா கொன்றுகொண்டிருக்கிறது. காவற்காரனைக் கட்டிப்போட்ட வீட்டில் கள்வன் நுழைவதற்குத் தடை ஏது? சிலிக்கோசிஸ் உள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட மூன்று மடங்குக்குக் குறையாது என்றும், நோய் முற்றியவரிடம் அது மேலும் பன்மடங்காகும் என்றும் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே நடைபெற்ற ஆய்வுகளின்படி, வேலையை விட்டு ஆண்டுகள் பல சென்ற பின்னரும் இவ்வபாயம் நீங்குவதில்லை.

இரு நோய்களும் ஒருங்கே உள்ளபோது அவற்றைப் பிரித்தறிவதும் கடினம். எக்ஸ்-ரே படத்தில் இரண்டும் மார்பின் மேற்பகுதியிலேயே நிழல்களாகத் தோன்றும். இதனால் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. வெறும் தூசி நோயாளிக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்படுவது ஒன்று. 'பழைய சுரங்கத் தழும்புதான்' என்று விட்டுவிட்டதால், கிருமியைப் பரப்பும் நோயாளி தன் பேரக்குழந்தையின் அருகில் உறங்குவது மற்றொன்று. பின்னது முன்னதைவிட மோசமானது. ஆகவே நிழலைக் கண்டு நின்றுவிடாமல் சளியைப் பரிசோதித்தல் இன்றியமையாதது.

பி.சி.ஜி. குத்துதல்

குழந்தையைக் காப்பதற்கு ஏதேனும் வழி உண்டா? பிரெஞ்சு விஞ்ஞானிகளான கால்மெட், கெரேன் ஆகியோர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908ஆம் ஆண்டு முதல் பதின்மூன்று ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, நோய் விளைவிக்கும் ஆற்றலை இழக்கச் செய்தனர். 1921ஆம் ஆண்டில் அது முதன்முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. கிருமியின் பெயரோடு அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்ததே பி.சி.ஜி. என்னும் பெயர். 1930ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லூபெக் நகரில், ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள கிருமி கலந்துவிட்ட மருந்தைப் பெற்ற குழந்தைகளுள் எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். குற்றம் மருந்தினுடையதன்று, தயாரிப்பின் கவனக்குறைவே என்பது விசாரணையில் நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அந்நிகழ்ச்சியின் நினைவு நெடுநாள் மக்களை அச்சுறுத்தியது.

இந்தியாவில் இத்தடுப்பூசியின் கதை தங்கவயலுக்கு அண்மையிலேயே தொடங்குகிறது. தங்கவயலுக்கு வடக்கே, நூறு கிலோமீட்டருக்குள் உள்ள மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் சானடோரியத்தில் 1948ஆம் ஆண்டில் பி.சி.ஜி. முன்னோட்டமாகக் குத்தப்பட்டது. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் தடுப்பூசி தயாரிக்கும் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1951ஆம் ஆண்டில் நாடளாவிய பெருமுயற்சியாக அது விரிந்தது.

அக்காலக் களப்பணியாளரின் வேலை இன்று எண்ணிப் பார்க்கவும் அரிது. முதலில் டியூபர்குலின் என்னும் திரவத்தை முன்கையின் தோலில் செலுத்த வேண்டும். மூன்றாம் நாள் அதே ஊருக்குத் திரும்பி வந்து தடிப்பை அளக்க வேண்டும். தடிப்பு இல்லாதவர்க்கு மட்டுமே பி.சி.ஜி. முதல் நாள் கையை நீட்டிய சிறுவன் மூன்றாம் நாள் ஆடு மேய்க்கப் போயிருப்பான். மருந்தோ திரவ வடிவிலானது. குளிரில் வைக்கப்பட வேண்டியது. இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டியது. பனிக்கட்டிப் பெட்டியைத் தோளில் சுமந்து சென்ற அப்பணியாளரே இத்திட்டத்தின் உண்மையான தூண்கள். பிற்காலத்தில் சோதனை இன்றி நேரே குத்துவது ஆபத்தற்றது என உறுதியானதாலும், உறையவைத்து உலர்த்திய மருந்து கிடைத்ததாலும் வேலை எளிதாயிற்று.

எதிர்ப்பும் எழுந்தது. சென்னை மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் சி. இராஜகோபாலாச்சாரியார் 1955ஆம் ஆண்டில் பி.சி.ஜி.யை வெளிப்படையாக எதிர்த்துச் சிறுநூல் வெளியிட்டார். பயன் ஐயமற நிறுவப்படாத ஒன்றை உடல்நலமுள்ள குழந்தைகளுக்குத் திரளாகக் குத்துவது முறையாகுமா என்பது அவ்வெதிர்ப்பின் சாரம். அதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. அக்கேள்விக்கு விடை காண்பதற்கான சோதனையும் தமிழ் மண்ணிலேயே நடைபெற்றது.

1968ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய அச்சோதனையின் பகுதியில் சுமார் 3,60,000 மக்கள் வாழ்ந்தனர். பிரெஞ்சு, டேனிஷ் வகைத் தடுப்பூசிகளும், மருந்தற்ற போலி ஊசியும் முன்கூட்டி அறியாவண்ணம் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஏழரை ஆண்டு முடிவிலும், பின்னர்ப் பதினைந்து ஆண்டு முடிவிலும் கணக்கிட்டபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை எனத் தெரிந்தது. உலகமே திகைத்த முடிவு இது. இராஜாஜியின் ஐயத்தில் பாதி மெய்யாயிற்று எனலாம். மறுபாதி மெய்யாகவில்லை. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயையும், உடல் முழுதும் தினையளவு கட்டிகளாகப் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. பெரிதும் தடுக்கிறது என்பது வேறு பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இவ்விரண்டும் பிஞ்சு உயிர்களைச் சில வாரங்களில் பறிப்பவை. பிழைத்தாலும் பார்வையையோ செவியையோ கவர்பவை. ஆகவே பிறந்தவுடன் ஊசி போடும் முறை தொடர்கிறது.

இதனைத் தாய்மாருக்கு விளக்கும்போது பணியாளர் உண்மையை முழுமையாகக் கூறுதல் வேண்டும். 'ஊசி போட்டாயிற்று, இனி டி.பி. வராது' என்று சொல்வது பொய். அப்பொய் வெளிப்படும் நாளில் ஏனைய ஊசிகளின்மீதும் நம்பிக்கை போய்விடும்.

மருந்து வீட்டுக்கு வந்த வரலாறு

தடுப்பூசி செய்ய இயலாததைச் செய்தது சிகிச்சை. 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸின் வழிகாட்டுதலில் ஓர் எளிய வினாவை எழுப்பியது. நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் உள்ள சானடோரியத்தில் சிகிச்சை பெறுபவரைப் போல, நெருக்கமான சேரி வீட்டிலேயே தங்கி அதே மாத்திரைகளை உண்பவரும் குணமடைவாரா? இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்ததில், இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, உலகச் சானடோரியங்களின் கதவுகளை மெல்ல மூடியது. வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே கிருமி பரவுவது பெரிதும் அடங்கிவிடுவதே அதற்குக் காரணம். லைன் வீடுகளில் வாழ்வோருக்கு இதனினும் பெரிய செய்தி வேறில்லை.

1959ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் நிறுவப்பட்டது. அதன் ஆய்வாளர்கள் துமகூர் மாவட்டத்துக் கிராமங்களில் கண்டறிந்த ஓர் உண்மை களப்பணியாளர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத்தக்கது. சளியில் கிருமி உள்ளவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், எவரும் தேடிச் செல்வதற்கு முன்பே, தாமாகவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தை நாடியிருந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்து ஒரு புட்டி. 'நம் மக்களுக்கு அறியாமை' என்று கூறிக்கொண்டிருந்த படித்தவர்களுக்கு இஃது ஒரு நல்ல அடி. நோயாளி வந்தார், நிலையம்தான் அவரைக் காணவில்லை. 1962ஆம் ஆண்டின் தேசியக் காசநோய்த் திட்டம் பொதுச் சுகாதார நிலையங்களிலேயே சளிப் பரிசோதனையை அமைத்ததற்கு இவ்வுண்மையே அடிப்படை.

சிலிக்கோசிஸோடு கூடிய காசநோய்க்கான சிகிச்சையிலும் சென்னைக்குப் பங்குண்டு. ஹாங்காங் நகரச் சுரங்க, கல்வேலைத் தொழிலாளரிடையே அந்நகர மருத்துவரும் சென்னை நிலையத்தாரும் பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்திய சோதனை 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆறு மாத சிகிச்சை பெற்றவரைவிட எட்டு மாத சிகிச்சை பெற்றவரிடம் நோய் மீண்டும் தலைகாட்டுவது குறைவாயிருந்தது. தழும்பேறிய நுரையீரலில் மருந்து சென்று சேர்வது எளிதன்று. கிருமியை எதிர்க்கும் அணுக்களும் அங்கே பலமிழந்தவை. நோயாளியின் தொழில் வரலாற்றை மருத்துவர் அறிந்தாலன்றிச் சிகிச்சையின் காலத்தைச் சரியாக முடிவு செய்ய இயலாது.

ஏனைய ஊசிகள்

காசநோயைத் தவிர மூச்சுறுப்புகளைத் தாக்கும் பிற தொற்றுகளின் வரலாறு இதனினும் மகிழ்ச்சி தருவது. பெரியம்மையின் கடைசி நோயாளி இந்தியாவில் 1975ஆம் ஆண்டு மே மாதத்தில் காணப்பட்டார். அதன் பின் 1978ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊசி எங்கும் பரவியது. 1985ஆம் ஆண்டின் அனைவர்க்குமான தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசியும் இடம்பெற்றது. ஹிப் என்னும் கிருமியால் வரும் நிமோனியாவையும் மூளையுறை அழற்சியையும் தடுக்கும் ஐந்து-கூட்டு ஊசி 2011ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் வந்தது. பின்னர் கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களுக்கும் விரிந்தது. நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி 2017ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் தொடங்கி, 2021ஆம் ஆண்டில் நாடு முழுதும் பரவியது.

தட்டம்மையைப் பற்றி ஆசிரியர்கள் சற்று ஊன்றி அறிய வேண்டும். 'அம்மா விளையாடிவிட்டுப் போவாள்' என்று வேப்பிலையோடு விட்டுவிடும் வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உண்டு. தட்டம்மையின் தீங்கு அதன் தடிப்பு மறைவதோடு முடிவதில்லை. முன்னர்ப் பெற்ற எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியையே அது அழித்துவிடுவதால், பின்வரும் மாதங்களில் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் எளிதில் பற்றுகின்றன. டியூபர்குலின் சோதனையில் தடிப்புக் காட்டிவந்த குழந்தைகள் தட்டம்மை கண்ட நாட்களில் அத்தடிப்பைக் காட்டாமற்போவதை வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வான் பிர்கே 1908ஆம் ஆண்டிலேயே குறித்தார். உறங்கிக்கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்வதற்கு இஃது ஒரு வாய்ப்பாகும். காசநோயாளி உள்ள வீட்டில் வளரும் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி இருமடங்கு தேவை எனலாம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான அனைவர்க்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் பள்ளிகளின் வழியாகவே நடைபெற்றது. அப்போது வதந்திகளுக்கு முதலில் விடை கூற வேண்டியிருந்தவர் வகுப்பாசிரியரே.

தொண்டை அடைப்பான் பள்ளி வயதில் மீண்டும் தோன்றுவது கவனிக்கத்தக்கது. கைக்குழந்தைப் பருவத்தில் பெற்ற எதிர்ப்பாற்றல் காலப்போக்கில் குறைவதால், ஐந்து முதல் ஆறு வயதிலும், பத்தாம் வயதிலும், பதினாறாம் வயதிலும் வலுவூட்டும் ஊசிகள் விதிக்கப்பட்டுள்ளன. இவற்றைத் தவறவிடுவோர் பலர். கைக்குழந்தையின் ஊசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் தாய், பத்து வயதுப் பையனின் ஊசியை மறந்துவிடுகிறாள். பள்ளிச் சேர்க்கையின்போது அட்டையைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் இதனைச் சரிசெய்யும்.

மருந்தைக் காக்கும் முறையும் பணியாளருக்கு மறவாதிருத்தல் வேண்டும். இரண்டு முதல் எட்டு டிகிரி சென்டிகிரேடு வெப்பமே பொதுவிதி. ஐந்து-கூட்டு ஊசி போன்றவை உறைந்துபோனால் பயனற்றவை. பி.சி.ஜி.யும் தட்டம்மை ஊசியும் வெப்பத்தோடு ஒளியாலும் கெடுபவை. கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டியவை. மீதியை மறுநாளைக்கு வைத்தல் சிக்கனமன்று, பெருந்தவறு.

மூடிய சுரங்கமும் மூடாத கணக்கும்

2001ஆம் ஆண்டோடு தூசி வேலை நின்றது; நோய் நிற்கவில்லை. கடைசி ஆண்டுகளில் இளைஞராய்ச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள். சிலிக்கோசிஸும் அதன் பின்வரும் காசநோயும் வெளிப்படுவதற்கு உரிய வயது இதுவே. அவர்களின் பிள்ளைகள் பலர் விடியற்காலை ரயிலில் நெரிசலுடன் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். கல்லை அரைத்துத் தங்கம் பிரித்த பின் எஞ்சிய தூளைக் கொட்டிய வெண்ணிற மலைகள் ஊர்நடுவே நிற்கின்றன. ஊரார் அவற்றைச் 'சயனைடு மேடு' என்பர். காற்றுக் காலத்தில் அவற்றிலிருந்து பறக்கும் தூள் வீட்டுப் பாத்திரங்களிலும் படிகிறது.

நாட்டில் காசநோய் புதிதாகக் காண்போரின் விகிதம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் லட்சம் பேருக்கு 237ஆக இருந்து 2023ஆம் ஆண்டில் 195ஆகக் குறைந்துள்ளது. குறைவு உண்மையானதே. ஆனால் 2025ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது என்று வகுத்த இலக்கை எட்டும் வேகம் அதற்கு இருக்கவில்லை. இனி உள்ள நோயாளிகள் எளிதில் கண்ணில் படாதவர்கள். முதிய சுரங்கத் தொழிலாளி அவர்களுள் ஒருவர். இருமல் அவருக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா?' என்று கேட்டால் சிரிப்பார். அவரிடம் கேட்க வேண்டிய வினா வேறு: இருமல் அண்மையில் மாறியதா, எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் உண்டா, சளியில் இரத்தம் கண்டதா? இவற்றுள் ஒன்றிருந்தாலும் சளியை அனுப்புதல் வேண்டும். காசநோய் இல்லையென உறுதியானபின், சிலிக்கோசிஸ் உள்ளவர்க்கும், காசநோயாளியின் வீட்டாருக்கும் தடுப்பு மாத்திரைகள் அளிக்கத் தேசிய விதிமுறை இடந்தருகிறது. நிமோகாக்கஸ் ஊசியும் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசியும் தூசி நோயாளிக்குப் பயன்தரும் என மருத்துவர் கருதுகின்றனர்.

பதிவேட்டில் 'தொழில்' என்னும் கட்டத்தில் இவர்களுக்கு எதிரே பெரும்பாலும் 'ஓய்வு பெற்றவர்' என்றோ 'வேலை இல்லை' என்றோ எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. அக்கட்டத்தில் சுரங்கத்தின் பெயர், நிலத்தின் கீழ் உழைத்த ஆண்டுகள், துளைப்பொறி வேலையா, கல் அள்ளும் வேலையா, மேற்பரப்பு ஆலை வேலையா என்னும் விவரம், வேலையை விட்ட ஆண்டு ஆகியவற்றை எழுதுவதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். பள்ளிப் பிள்ளையின் உடல்நலக் குறிப்பேட்டிலும், வீட்டில் உள்ள தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவரா என ஒரு வரி சேர்த்துக்கொண்டால், ஊசி அட்டையைச் சரிபார்க்க வரும் சுகாதார ஊழியர் அவ்வீட்டில் குழந்தையோடு முதியவரையும் பார்த்துவிட்டு வருவார்.